மூச்சுக் கட்டத்தில் எழுதிய இருபது

என் தங்கைக்கு ஆஸ்பத்திரியில் 'முழு நிமிஷம்' என்று பட்டப்பெயர். ஊசி போட ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வாள், அதனால்தான் அந்தப் பெயர் என்று ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அது தப்பு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். முப்பத்தோரு வருஷமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எண் குறிக்கிற வேலை. நடை சரியில்லாமல் இருக்கலாம். எண்கள் சரியாக இருக்கும்.

அவள் என்னைவிட ஏழு வயது சின்னவள். பதினெட்டு வயதில் நர்ஸ் படிப்புக்குப் போனாள், இருபத்திரண்டில் வேலையில் சேர்ந்தாள். இப்போது நாற்பத்தைந்து. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று மூன்று தடவை கேட்டேன். நான்காவது தடவை, "அண்ணா, உனக்கு ரத்த அழுத்தம் ஏறுது" என்று சொல்லிவிட்டாள்.

அவள் கைராசிக்காரி. குழந்தைகளுக்கு நரம்பு அகப்படாவிட்டால் மற்ற வார்டுகளில் இருந்தெல்லாம் அவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுவாள், ஒரே குத்து, முடிந்தது. குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். அண்ணன் என்பதால் கூட்டிச் சொல்லவில்லை. ஒரு தடவை எனக்கே காய்ச்சல் வந்து படுத்தபோது பார்த்தேன்.

இனி அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வார்டில் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தாள் தொங்கும். ஒவ்வொரு வேளைக்கும் ஐந்து கட்டம். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், ரத்தத்தில் பிராணவாயு, கடைசியாக நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு. முதல் நான்கையும் கருவியே சொல்லிவிடும். மூச்சுக்கு அந்த வார்டில் கருவி கிடையாது. நர்ஸ் பக்கத்தில் நின்று, கடிகாரத்தைப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் எண்ண வேண்டும்.

முப்பத்திரண்டு கட்டில், இரண்டு நர்ஸ். மூச்சை மட்டும் எண்ணினாலே அரைமணிக்கு மேல் ஆகும். அதற்குள் ஒருவருக்குக் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்திருக்கும், ஒருவர் வாந்தி எடுத்திருப்பார், ஒருவரை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதனால் மூச்சுக் கட்டத்தில் எல்லோரும் இருபது என்று எழுதிவிடுவார்கள். இருபது யாரையும் உறுத்தாத எண். சிலர் பதினெட்டு எழுதுவார்களாம். "பதினெட்டுன்னு இருந்தா அது வேற வார்டுல இருந்து மாத்தலாகி வந்தவங்க எழுதினதுன்னு அர்த்தம்" என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள்.

அவள் எண்ணுகிறவள்தான். எல்லா நாளும் எல்லோருக்கும் எண்ணினாள் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி எழுத முடியாது.

பதினான்காம் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் படுத்திருந்தார். குடலில் ஆப்பரேஷன் ஆகி மூன்றாம் நாள். பேச்சுக்காரர். நர்ஸ் யார் வந்தாலும், "சிஸ்டரம்மா, உங்களுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு, எடுத்துட்டு வர மறந்துட்டேன்" என்பார். எல்லோருக்கும் அதே ஜோக், எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்று தங்கைக்குக் காலை டூட்டி, ஏழிலிருந்து இரண்டு வரை. பத்து மணிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தபால்காரருக்குக் கருவியை மாட்டி நான்கு எண்களை எழுதினாள். நாடி கொஞ்சம் கூடுதல், வலியாக இருக்கும் என்று நினைத்தாள். ஐந்தாவது கட்டத்தில் இருபது. பன்னிரண்டு மணிக்குப் புதிதாக இரண்டு பேர் வார்டுக்கு வந்தார்கள். மறுபடி இருபது. இரண்டு மணிக்கு வந்த அடுத்த நர்ஸும் இருபது, நான்கு மணிக்கும் இருபது. ஐந்தரைக்கு டாக்டர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். மனிதர் நாய் இளைப்பது போல இளைத்துக்கொண்டிருந்தார். எண்ணினால் முப்பத்தாறு. வயிற்றுக்குள் சீழ் கட்டி விஷமாகியிருந்தது. மூக்கில் பிராணவாயுக் குழாய் இருந்ததால் பிராணவாயுக் கட்டம் மட்டும் கடைசிவரை நன்றாகவே இருந்திருக்கிறது. தீவிர சிகிச்சைக்குக் கொண்டு போனார்கள். ஒன்பது நாள் கருவிதான் அவருக்காக மூச்சு விட்டது.

மறுநாள் காலையில் தங்கை கேள்விப்பட்டாள். கேட்டவுடனே ஒன்று ஞாபகத்துக்கு வந்தது என்று என்னிடம் சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு அவர் அந்த லெட்டர் ஜோக்கைச் சொன்னார். ஆனால் ஒரே மூச்சில் சொல்லவில்லை. "சிஸ்டரம்மா... உங்களுக்கு... ஒரு லெட்டர்..." என்று வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திச் சொன்னார். இவள் சிரித்துவிட்டு இருபது என்று எழுதிவிட்டுப் போனாள்.

"சிரிச்சேன் அண்ணா. அவர் மூச்சு வாங்கறாரு, நான் ஜோக்குக்குச் சிரிச்சிட்டு வந்துட்டேன்."

விசாரணை வைத்தார்கள். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து தாளைப் பார்த்தார்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, எல்லா வேளையும் கையெழுத்து இருந்தது. 'நர்ஸ்கள் பக்கம் குறை இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வருஷம் தாள்களை முழுதாக நிரப்பிய வார்டு எது என்று பார்த்ததில் இந்த வார்டுக்கு முதல் இடம். பொறுப்பு நர்ஸ் பதவி காலியாகப் போகிறது, தங்கைக்குத்தான் என்று பேச்சு வந்தது. வீட்டில் நானும் என் மனைவியும் பூரித்துப் போனோம். அவளுக்கோ அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

முதலில் கை போயிற்று. ஒரு பெண்மணிக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாள். இருபது வருஷத்தில் அவளுக்கு அப்படி நடந்ததில்லை. அடுத்தது மருந்து. குப்பியின் பெயரை ஒரு தடவைக்கு ஐந்து தடவை படிப்பாள், மூடிவிட்டு மறுபடி எடுத்துப் படிப்பாள். பதினோரு மணி மருந்து பன்னிரண்டுக்குப் போயிற்று. வீட்டிலும் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போவாள், இறங்கி வந்து பார்ப்பாள், மறுபடி இறங்கி வருவாள்.

"நாத்தனாரே, அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு. நீ ஏறி இறங்கறதுல படிதான் தேயுது" என்றாள் என் மனைவி.

தங்கை சிரிக்கவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த மாசக் கடைசியோட வேலையை விட்டுடறேன். லெட்டர் எழுதிட்டேன். அதுக்கு முன்னால மேட்ரன்கிட்டப் போயி, அந்த ரெண்டு இருபதும் எண்ணாம எழுதினதுன்னு சொல்லப் போறேன்" என்றாள்.

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கிறேங்கறியே! உன்னை யாராவது கேட்டாங்களா?"

நானும் அதைத்தான் சொன்னேன். மறைக்கவில்லை. "ஊரே இருபது எழுதுது. உன் இருபதுல மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? வாயை மூடிட்டுப் பதவிய வாங்கிக்க. பொறுப்புக்கு வந்த பிறகு எல்லாரையும் எண்ணச் சொல்லு."

"நல்ல யோசனைதான்" என்றாள். "அண்ணா, நீ மீட்டர் பாக்கப் போற வீடு பூட்டியிருந்தா என்ன எழுதுவ?"

"பூட்டுன்னு எழுதுவேன்."

"போன மாச எண்ணைப் பாத்து உத்தேசமா ஒண்ணு எழுத மாட்டியா?"

"அது எப்படி எழுத முடியும்? நான் பாக்கலையே."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயாலேயே மாட்டிக்கொண்டது தெரிந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் என்னைக் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. "உங்க தாள்ல பூட்டுன்னு எழுத இடம் இருக்கு. எங்க தாள்ல இல்ல. காலியா விட்டா சிவப்பு வட்டம் போட்டு, வேலை தெரியாதவள்ன்னுடுவாங்க. இருபது போட்டா கெட்டிக்காரி. நான் கெட்டிக்காரியா இருந்துட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை டூட்டி முடிந்ததும் மேட்ரன் அறைக்குப் போனாள். நர்ஸ்களுக்கெல்லாம் மேலதிகாரியான அந்த மேட்ரன் குள்ளமானவர், குரல் பெரியது, ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. அங்கே நடந்ததைத் தங்கை சொன்னபடி எழுதுகிறேன்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றாராம் மேட்ரனும்.

"இல்ல மேடம்."

"நர்ஸ்கள் பக்கம் குறை இல்லைன்னு அறிக்கையே வந்தாச்சு. தெரியுமில்ல?"

"அதனாலதான் மேடம் வந்தேன்."

"அந்தத் தாள்ல வேற கையெழுத்தும் இருக்கு. அவங்களையும் சேர்த்து இழுத்துவிடப் போற."

"அவங்க கட்டத்தைப் பத்தி எனக்குத் தெரியாது மேடம். என் ரெண்டு கட்டத்தைப் பத்தித்தான் தெரியும்."

ராஜினாமாக் கடிதத்தையும் நீட்டினாள். மேட்ரன் அதை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டார், மேலே அனுப்பவில்லை. "வெளியில உட்காரு" என்றார். ஐம்பது நிமிஷம் உட்கார வைத்தார். பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லாமல் வார்டுக்கு நடந்தார். முதல் கட்டிலில் ஆரம்பித்தார். ஒவ்வொரு நோயாளி பக்கத்திலும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அன்று வார்டில் இருபத்தொன்பது பேர். இருபத்தாறு பேரின் தாளில் இருபது. மேட்ரன் எண்ணியதில் இருபது வந்தது நான்கு பேருக்குத்தான். ஒரு அம்மாவுக்கு முப்பத்திரண்டு வந்தது. அங்கேயே நின்று டாக்டரைக் கூப்பிட அனுப்பினார்.

மறுநாள் உத்தரவு வந்தது. எண்ணாவிட்டால் கோடு போட வேண்டும், எண் எழுதக்கூடாது. கோடு போட்டதற்காக யாரையும் கேட்க மாட்டேன் என்று மேட்ரன் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினார். முதல் வாரத்தில் நூற்றெழுபது கோடு விழுந்தது. அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மேட்ரன் நிர்வாகத்திடம் போனார். காலை நேரத்துக்கு மூன்றாவதாக ஒரு நர்ஸ் வந்தது அதற்கும் நான்கு மாசம் கழித்து. அது வேறு கதை.

தங்கைக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. பதவி இன்னொருவருக்குப் போயிற்று. மூன்று மாசம் அவள் வேலையை ஒருவர் கூட நின்று பார்த்து மார்க் போட வேண்டும் என்றார்கள். அதைவிட வார்டுதான் கஷ்டம். பொறுப்பு நர்ஸ் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "நீ மட்டும் யோக்கியமானவ, நாங்கெல்லாம் திருடிங்க. அதானே?" அவள் எண்ணிக்கொண்டு நின்றால் பின்னாலிருந்து, "தள்ளுங்கப்பா, முழு நிமிஷம் நிக்கிறாங்க" என்று குரல் வரும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். டீ குடிக்க ஒன்றாகப் போகிறவர்கள் இவளை விட்டுவிட்டுப் போனார்கள்.

"சொல்லியாச்சில்ல. மனசு கொஞ்சம் லேசாச்சா?" என்று கேட்டேன். வேலையை விடுகிற எண்ணம் போய்விட்டிருக்கும் என்று எனக்குள் ஒரு நப்பாசை.

"சொல்லிட்டுப் போகணும்னுதான் சொன்னேன் அண்ணா. நிக்கறதுக்காகச் சொல்லல. என் கை இன்னும் சரியாகல. கை சரியில்லாதவ எதுக்கு அங்க நிக்கணும்?"

இதற்கிடையே தபால்காரர் பிழைத்துக்கொண்டார். பாதி ஆளாகி அதே வார்டுக்குத் திரும்பி வந்தார், அதே பதினான்காம் கட்டில். கூடவே மகள். துணிக்கடையில் வேலை, லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நடந்ததை அவர்களிடம் யார் சொல்வது என்று மேட்ரன் கேட்டார். நான் எழுதினது, நானே சொல்கிறேன் என்றாள் தங்கை. மேட்ரனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு சொன்னாள்.

தபால்காரர் கையை ஊன்றித் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். பிறகு, "அன்னிக்கு நான் லெட்டர் ஜோக் சொன்னேனே, நீங்க சிரிச்சீங்களா?" என்று கேட்டார்.

"சிரிச்சேன் ஐயா."

"அப்ப ஜோக் சரியாத்தான் வந்திருக்கு."

மகளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "செத்துப் பொழைச்சிருக்கீங்க, ஜோக் ஒண்ணுதான் குறைச்சல்!" என்று அப்பாவைக் கடிந்துகொண்டாள். பிறகு தங்கையைக் காட்டி, "இவங்க எங்க அப்பாவைத் தொடக்கூடாது" என்றாள். மேட்ரன் சரி என்றார். தங்கையும் சரி என்றாள்.

மாசக் கடைசி நாள் வந்தது. அலமாரியில் இருக்கும் அவள் சாமான்களை எடுத்துவர ஒரு துணிப்பையோடு நான் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டேன். வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். தங்கை பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு நிமிஷம் நின்றாள், எழுதினாள். பதின்மூன்றில் நின்றாள், எழுதினாள். பதினான்கைத் தாண்டிப் பதினைந்துக்குப் போனாள்.

தபால்காரர் மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாகப் பார்க்கிறாளோ. பிறகு சத்தமாகக் கேட்டாள்: "எங்களை மட்டும் தாண்டிப் போறீங்களே, என்ன கணக்கு?"

"நீங்கதானே வேணாம்னீங்க."

"தொட வேணாம்னேன். எண்ண வேணாம்னேனா? காலையில பத்து மணிக்கு வந்தவங்க கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. கோட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? தொடாம எண்ணுங்க."

தங்கை வந்து கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடிகாரத்தையும் தபால்காரர் நெஞ்சையும் பார்த்தாள். தபால்காரருக்குத் தன்னை எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்து, மெதுவாக விட்டார். பிறகு மறந்துபோய் நிறுத்தியே விட்டார்.

"அப்பா! ஒழுங்கா மூச்சு விடுங்க."

"விடத்தாம்மா பாக்கறேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தா எப்படி வரும்?" என்று சொல்லிவிட்டுப் படபடவென்று ஐந்தாறு மூச்சு விட்டார். பதின்மூன்றாம் கட்டில்காரர் போர்வைக்குள் சிரித்தார்.

தங்கை நிறுத்திவிட்டாள். "இது கணக்கில்லம்மா. எண்ணறாங்கன்னு தெரிஞ்சா யாருக்குமே மூச்சு மாறிடும். நாடி பாக்கற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டு, வாய் நாடியச் சொல்லிட்டு இருக்க, கண்ணு நெஞ்சை எண்ணணும். அப்பத்தான் உண்மையான மூச்சு வரும். தொடாம எனக்கு எண்ணத் தெரியாது. கோடுதான் போட முடியும்."

பேனாவை எடுத்தாள். மகள் பேனாவையும் தாளையும் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் மூச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சரி" என்றாள் மகள். "பிடிங்க."

தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாடி மட்டும் பாக்கறேன் ஐயா. கடைசியா எந்தத் தெருவுல லெட்டர் போட்டுட்டு இருந்தீங்க? பதில் வேணாம், மனசுக்குள்ள ஒவ்வொரு வீடா நடந்து வாங்க" என்றாள். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் எந்தத் தெருவில் நடந்தாரோ தெரியாது. நெஞ்சு அதன் போக்கில் ஏறி இறங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தபடி என் கைக்கடிகாரத்தில் நானும் பார்த்தேன். சரியாக அறுபது விநாடி. மணிக்கட்டின் மேல் அவள் விரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதற்காகத்தான் நான் உற்றுப் பார்த்தேன்.

"இருபத்திநாலு" என்றாள்.

"அதிகமா?" என்று மகள் கேட்டாள்.

"கொஞ்சம் அதிகம். இப்பவே டாக்டர்கிட்டச் சொல்றேன். அடுத்த தடவை ரெண்டு மணிக்கு எண்ணணும், ஏறுதா இறங்குதான்னு பாக்கணும்."

"ரெண்டு மணிக்கு நீங்க வருவீங்களா?"

"ரெண்டு மணியோட எனக்கு டூட்டி முடியுது. எண்ணிக் குறிச்சிட்டுத்தான் போவேன்."

"அதுக்கப்புறம் கோடுதானா?"

"சாயந்திர டூட்டியில வர்ற சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டுப் போறேன். எண்ணுவாங்க."

மகள் விடவில்லை. "நாளைக்குக் காலையில?"

தங்கை தாளில் இருபத்திநாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள், என் மடியில் இருந்த பையையும் பார்த்தாள்.

"ஏழு மணிக்கு வந்துடுவேன்" என்றாள்.

நான் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் டாக்டர் அறைப்பக்கம் வேகமாக நடந்தாள். போகிற வழியில், "அண்ணா, மேட்ரன் ரூம் எங்க இருக்குன்னு தெரியுமில்ல? போயி, என் லெட்டரைத் திருப்பித் தரச் சொன்னேன்னு சொல்லு" என்றாள். போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மேட்ரன் இழுப்பறையைத் திறந்துவிட்டார்.